ரெகுலேட்டரை மாற்றும் முன்

மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை, செக் என்ஜின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரைச் சொருகினால் 'பி0089, எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் செயல்திறன்' என்று வருகிறது. பலர் உடனே புது ரெகுலேட்டரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அவ்வளவு செலவு செய்த பிறகும் அதே விளக்கு மறுபடி எரிந்தால் வயிறு எரியாதா?

காமன் ரெயில் டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். உயரழுத்த பம்ப் டீசலை ஒரு தடித்த எஃகுக் குழாய்க்குள் அடைக்கிறது. அதுதான் ரெயில். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் அங்கிருந்துதான் போகிறது. ஐடிலில், அதாவது மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, சுமார் 250, 300 பார் அழுத்தம். முழு மிதியில் பல என்ஜின்களில் 1,600 பார் வரை, அதற்கு மேலும் போகும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான்.

ரெகுலேட்டர் என்பது மின்காந்தத்தால் அசையும் ஒரு வால்வு. சில வண்டிகளில் அது பம்புக்குள் நுழையும் டீசலை அளந்து விடும். சிலவற்றில் ரெயிலில் மிஞ்சுவதைத் திருப்பி அனுப்பும். இரண்டும் உள்ள வண்டிகளும் உண்டு. இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, அந்த வால்வை இயக்குகிறது. உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று ரெயிலில் உள்ள சென்சார் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் நீடித்தால் பி0089 பதிவாகும்.

கேட்ட அழுத்தம் அமையவில்லை என்பது மட்டும்தான் ஈசியூவுக்குத் தெரியும். ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று புகுந்ததா, இன்ஜெக்டர் தேய்ந்து டீசலைத் திரும்பவிடுகிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. பி0090 வந்தால் கதை வேறு. அது வால்வின் மின்சுற்றைச் சொல்கிறது; மல்டிமீட்டரோடு ஒயரையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? குறியீட்டோடு சேர்ந்து பதிவான 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' விவரத்தில். கோளாறு வந்த நேரத்து என்ஜின் வேகமும் சுமையும் அதில் இருக்கும். அப்புறம் கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்டியை ஓட்டிப் பாருங்கள். ஐடிலில் ஒழுங்காக இருந்து, மிதித்தால் மட்டும் அழுத்தம் பின்தங்கினால் டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று சந்தேகிக்கலாம், முதலில் ஃபில்டர். ஐடிலிலேயே ஏறி இறங்கி ஆடினால் வால்வு சிக்குகிறதோ என்று யோசிக்கலாம். என்ஜின் நின்று வெகுநேரம் கழித்துச் சாவியை மட்டும் திருப்பினால் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 100 பார் என்று காட்டினால் சென்சாரையோ அதன் ஒயரையோ நம்ப முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது ரிட்டர்ன் சோதனை. மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயை ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி பாட்டிலில் விட்டு என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுவது, அவ்வளவுதான். மற்றவை கால்வாசி இருக்கையில் ஒன்று மட்டும் நிரம்பிவிட்டால் அழுத்தம் ஒழுகுவது அந்த வழியாகத்தான். ஆனால் என்ஜின் ஓடும்போது உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். என்றாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

இத்தனையும் சரியாக இருந்தால் வால்வைக் கழற்றலாம். கழற்றியதும் அதன் முனையில் உலோகத் துகள் மினுமினுக்கிறதா என்று பாருங்கள். மினுமினுத்தால் பம்ப் உள்ளே தேய்ந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்; அதைக் கவனிக்காமல் போடும் புது வால்வையும் அதே துகள்கள் சிக்கவைத்துவிடும்.