தடைக்காப்புத் துலங்கல்

ஆங்கிலத்தில் ‘இம்யூன் ரெஸ்பான்ஸ்’ என வழங்கும் கலைச்சொல்லுக்குத் தமிழ் ‘தடைக்காப்புத் துலங்கல்’. உட்புகுந்த நோய்க்கிருமியை அடையாளங்கண்டு அழிக்க உடல் அடுத்தடுத்துச் செய்யும் வினைகளின் தொகுதியை இது குறிக்கும். மூலமான ‘இம்யூனிஸ்’ என்னும் இலத்தீன் சொல், உரோமில் வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவரைச் சுட்டியது. மருத்துவப் பொருள் 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. தடைக்காப்பை இலங்கைத் தமிழில் ‘நிர்ப்பீடனம்’ என்பர். துலங்குதல் என்பது விளங்கித் தோன்றுதல். தூண்டலுக்கு உடல் காட்டும் மறுவினையையும் அறிவியல் தமிழில் அச்சொல்லே உணர்த்துகிறது.

ஈரோடு, திருப்பூர் பக்கம் பண்ணைக்குட்டைகளில் கட்லா, ரோகு மீன்களை வளர்ப்போர் பேச்சில் வழங்குவது ‘எதிர்ப்பு சக்தி’. வழக்கில் அது இருக்கட்டும். ஆனால் அச்சொல், மருந்து வாங்கிக் கலந்தால் கூடிவிடும் இருப்பாக உடலின் காப்பை எண்ண வைக்கிறது. துலங்கலோ காலம் எடுத்துக்கொண்டு நிகழ்வது, நீரின் வெப்பத்தைச் சார்ந்தது.

மீனுக்கு எலும்பு மச்சையில் குருதியணு உருவாக்கமும் இல்லை, நிணநீர்க் கணுக்களும் இல்லை. அவ்வேலையைச் சிறுநீரகத்தின் முன்பகுதியான தலைச்சிறுநீரகம், தைமஸ் சுரப்பி, மண்ணீரல் ஆகியவை செய்கின்றன. முதற்காப்பு தோலின் வழவழப்புக் கோழை. அதிலுள்ள லைசோசைம் என்னும் நொதி பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும். இவை உடனே தொழிற்படும் இயல்புத் துலங்கலைச் சேர்ந்தவை. குறிப்பிட்ட கிருமிக்கென எதிர்ப்பொருள் (அக்கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உருவாகும் பெறப்பட்ட துலங்கலுக்கு வாரங்கள் ஆகலாம். மீனின் உடல்வெப்பம் நீரோடு ஏறியிறங்குவதால், மார்கழிப் பனியில் குட்டை குளிரும்போது அது மேலும் தாமதமாகும். அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்னும் நீர்ப்பூஞ்சையால் வரும் தொற்றுப் புண்நோய் குளிர்காலத்தில் மிகுவதற்கு இது ஒரு காரணம். அதே நீரில் விரால் புண்பட்டு மடிய, சாதாக்கெண்டை பெரும்பாலும் தப்பிவிடும். பூஞ்சை இழைகளைச் சுற்றி அதன் உடலில் எழும் அழற்சி வலிமையானது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துலங்கலில் இருக்கிறது என்று சொல்லவே இச்சொல் தேவைப்படுகிறது.

ஆகவே மீனின் பொதுவான ஆற்றலைக் குறிக்க ‘நோய் எதிர்ப்புத் திறன்’ என்றும், தொற்றுக்கோ தடுப்பூசிக்கோ உடல் தரும் மறுவினையைக் குறிக்கத் ‘தடைக்காப்புத் துலங்கல்’ என்றும் பிரித்து எழுதுவதே பொருத்தம். ‘குளிர்நீரில் தடுப்பூசிக்கு ரோகு காட்டும் தடைக்காப்புத் துலங்கல் மெதுவானது’ என்னும் வாக்கியத்தில் ‘எதிர்ப்பு சக்தி’யை இட்டால் பொருள் பிறழும்.