குபர்நெட்டீஸ் போடுறீங்க சரி, அத யார் பாத்துக்கப் போறாங்க?

சர்வர் பக்க வேலையில இருக்கிறதால சின்ன டீம்கள்ல இருந்து அடிக்கடி கேப்பாங்க, நாங்களும் குபர்நெட்டீஸுக்கு (பல சர்வர்ல ஆப்ப ஓட்டி மேய்க்கிற சாஃப்ட்வேர்) மாறிடலாமான்னு. மூணு டெவலப்பர், ஒரு வெப் ஆப், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அவ்ளோதான் இருக்கும். நான் ட்ராஃபிக் எவ்வளவுன்னு கேக்கிறதுக்கு முன்னாடியே கேக்குறது, இத மாசாமாசம் யார் பாத்துப்பாங்கன்னு.

கூகுள் உள்ளுக்குள்ள ஆப்கள ஓட்ட வச்சிருந்த போர்க் சிஸ்டத்துல கத்துக்கிட்டத வச்சு 2014ல வெளிய விட்டது குபர்நெட்டீஸ். ஒரு மெஷின் போனா ஆப் தானா வேற மெஷின்ல எந்திரிக்கும், சைட் நிக்காம புது வெர்ஷன் ஏத்தலாம், எல்லாம் நெஜமான பலன். பத்து டீம் ஒரே கிளஸ்டர்ல (சேத்து ஒண்ணா நடத்துற சர்வர் கூட்டம்) வேலை பாக்குற எடத்துல நானே இதத்தான் சொல்வேன்.

ஆனா இன்ஸ்டால் பண்றதோட செலவு முடியல. வருஷத்துக்கு 3 வெர்ஷன் வருது, ஒவ்வொண்ணுக்கும் சப்போர்ட் சுமார் 14 மாசம்தான். அப்கிரேட் பண்ணா பழசு சிலது காணாம போகும், 1.22ல பழைய பீட்டா இன்கிரஸ் (வெளி ட்ராஃபிக்க ஆப்புக்கு அனுப்புற செட்டிங்) போச்சு, 1.24ல டாக்கர்ஷிம் (டாக்கரோட இணைக்கிற பகுதி), 1.25ல பாட் செக்யூரிட்டி பாலிசி (ஆப் என்னென்ன செய்யலாம்ங்கிற பாதுகாப்பு விதி), ஒவ்வொரு தடவையும் யாராவது உக்காந்து எது உடையும்னு தேடி மாத்தணும். சரி அப்படியே விட்டுடலாம்னா க்யூப்அட்மின்ங்கிற டூல்ல நாமளே போட்ட கிளஸ்டர்ல, அதோட பகுதிகள் ஒண்ணையொண்ணு நம்புறதுக்கான சர்டிஃபிகேட் 1 வருஷத்துல எக்ஸ்பயர் ஆயிடும், அப்கிரேட் பண்றப்போதான் அது தானா ரினியூ ஆகும். ஒரு டீம்ல செட் பண்ணவர் வேற வேலைக்கு போயிட்டாரு, மத்தவங்களுக்கு இந்த விஷயமே தெரியாது, சர்டிஃபிகேட் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, ஆப் ஓடிட்டுதான் இருக்கு ஆனா ஒரு பக் ஃபிக்ஸ் கூட ஏத்த முடியல, பாவம் அந்தப் பசங்க கோட்ல தப்புன்னு நெனச்சு ராத்திரி பூரா தேடியிருக்காங்க.

க்ளவுட்ல மேனேஜ்டா, அதாவது க்ளவுட் கம்பெனியே நடத்துற மாதிரி எடுத்தா இந்த சர்டிஃபிகேட் தலைவலி இல்ல, ஆனா அப்கிரேட்ல எது உடையும்னு பாக்குறது உங்க தலையிலதான். அமேசானோட மேனேஜ்டு குபர்நெட்டீஸான ஈகேஎஸ்ல ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 10 சென்ட், வழக்கமான சப்போர்ட் முடிஞ்ச பழைய வெர்ஷன்லயே இருந்தா 60 சென்ட், சர்வர் காசு தனி.

அந்த மூணு பேர் டீமுக்கு ஒரு விஎம் (வர்ச்சுவல் சர்வர்), டாக்கர் கம்போஸ் (ஒரே மெஷின்ல ஆப், டேட்டாபேஸ் எல்லாம் சேத்து ஓட்டுற டூல்), தினம் பேக்கப், அந்த பேக்கப்ப அப்பப்போ ரீஸ்டோர் பண்ணிப் பாக்குறது, இது போதும். ரெண்டு நிமிஷம் சைட் நின்னா தாங்காதுங்கிற நெலம வந்தா அப்போ பேசலாம்.

ஏற்கனவே சொந்தமா போட்டுட்டீங்கன்னா இன்னிக்கே சர்டிஃபிகேட் எக்ஸ்பயரி தேதிய செக் பண்ணி டீம் காலண்டர்ல போடுங்க, அப்கிரேட் பண்ணத் தெரிஞ்சவங்க கொறஞ்சது ரெண்டு பேராவது இருக்கட்டும்.