"வெறுக்கவில்லை டாக்டர், திருத்தத்தான் பார்க்கிறோம்"

அந்த அம்மா பையிலிருந்து முதலில் எடுத்து வைத்தது ஹார்மோன் பரிசோதனை அறிக்கை. அதன்மேல் ஒரு சின்ன ஜெப எண்ணெய்ப் பாட்டில். "டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னு வந்துருக்கு டாக்டர். ஜெபத்துலயும் இன்னும் விடுதலை கிடைக்கல" என்றார். பக்கத்தில் மகன், 22 வயது. பள்ளி நாட்களிலிருந்து சபையில் கீபோர்டு வாசிப்பவன். தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த நாலு மாதத்தில் நடந்ததை அவன் தனியாக இருக்கும்போதுதான் சொன்னான். உபவாச ஜெபம் இருந்திருக்கிறார்கள். தலையில் கை வைத்து அசுத்த ஆவியை விரட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஜெபக் குறிப்பில் அவன் பெயரை எழுதிக் கொடுத்து, முழு இரவு ஜெபத்தில் மைக்கில் வாசித்துவிட்டார்கள். "ஒரு இச்சையிலிருந்து விடுதலை" என்று மட்டும்தான் சொன்னார்களாம். மறுநாளே சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்று போன தூக்கம் திரும்பவில்லை. "பதினாலு வயசுலேருந்து இதை மாத்துங்கன்னு நானே ஆண்டவர்ட்ட கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் டாக்டர். அது யாருக்கும் தெரியாது" என்றான்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதம் ஒரு பக்கம், பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றவர்கள்) எதிர்ப்பக்கம் என்று பேசியே பழகிவிட்டோம். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அந்த வீட்டிலேயே அதிக பக்தி உள்ளவர்கள். பெற்றவர்கள் தொடங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே தங்களுக்காக அழுது வேண்டி முடித்தவர்கள்.

சில இந்து வீடுகளில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பரிகாரத்துக்கு அலைகிறார்கள். சில முஸ்லிம் வீடுகளில் ஓதிப் பார்த்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். எந்த வீடானாலும் கடைசி மருந்து ஒன்றுதான்: "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடும்." அப்படிக் கட்டிவைக்கப்பட்டு, தன்னிடம்தான் ஏதோ குறை என்று வருஷக்கணக்காக அழுத பெண்களும் என்னிடம்தான் வருகிறார்கள்.

மருத்துவத்தில் இது முடிந்துபோன விஷயம். 1990 மே 17 அன்று உலக சுகாதார அமைப்பு தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 3-வது பிரிவைப் பெற்றோருக்கு நான் படித்தே காட்டுவதுண்டு. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது அது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று, ஒருவரின் ஈர்ப்பையே மாற்றிவிடுவதாகச் சொல்லி, சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. தீர்ப்புக்கு முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்தது அதுதான். அடுத்த ஆண்டே, அந்தச் சிகிச்சை செய்யும் மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

இவ்வளவையும் சொன்னால், "எங்க நம்பிக்கையைத் தப்புங்கறீங்களா?" என்ற கேள்வி வரும். வீட்டில் மட்டுமல்ல, பொதுவெளியிலும் விமர்சனத்துக்கு இதுதான் முதல் பதில். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் கொடுமையை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியபோது, மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் ஒரு சோதிடரும் முஸ்லிம் தனிச்சட்ட வாரியமும் சில கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தார்கள். வேறு எதற்கும் சேராதவர்கள் இதற்குச் சேர்ந்தார்கள். அதே சமயம், 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தபோது, மும்பை பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பாலினத் திருமணத்தை ஏற்காதவராக இருந்தும், இவர்களைத் திருச்சபை குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று சொன்னார். நம்பிக்கையை விடாமலே ஒருவரால் அந்த இடம்வரை வர முடிகிறது. "மேல்நாட்டு இறக்குமதி" என்பவர்களிடம் நான் நீட்டிப் பேசுவதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் வலுவிழக்கச் செய்த அந்தப் பிரிவே 1860-ல் வெள்ளைக்காரன் எழுதியது.

எனக்குக் கடினமாக இருப்பது, "வெறுக்கவில்லை, அன்பினால்தான்" என்கிற பதில். ஏனென்றால் அதைச் சொல்லும் அப்பா பொய் சொல்லவில்லை. சாப்பிடாமல் மூன்று நாள் உபவாசம் இருந்தவர் அவர். அவரிடம் நான் அன்பைப் பற்றி வாதாடுவதில்லை. பிள்ளை உடம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்: எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது, இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறான், சாவதைப் பற்றி யோசித்திருக்கிறான். மத சுதந்திரம் தரும் அரசியல் சாசனத்தின் 25-வது உறுப்பே, அதைப் பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டுத்தான் தருகிறது. நம்புவது உங்கள் உரிமை. அந்த நம்பிக்கையை இன்னொருவர் உடம்பில் சிகிச்சையாகச் செய்து பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது, அது பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு மனு ஒன்றே போதும். 25 வயதுப் பெண்ணை வீட்டில் அடைத்து, அடித்து, "நார்மலாக" ஆக்குவதற்குச் சடங்குகள் செய்திருக்கிறார்கள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவள் விருப்பம்போல் போகலாம் என்று விடுவித்தார்கள்.

வீட்டில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், முதல் வேலையாக அதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். ஜெபக் குழுவிலும் வேண்டாம், சோதிடரிடமும் வேண்டாம். போனைப் பிடுங்காதீர்கள், பெண் பார்க்கக் கிளம்பாதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். பிள்ளை ஒடுங்கிப்போனதாகத் தெரிந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பையனின் அப்பா நாலாவது முறை வந்தபோது தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. "பாவம்னுதான் நான் இன்னும் நம்புறேன் டாக்டர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஜெபக் குறிப்புலேருந்து அவன் பேரை எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார். பையன் அந்தச் சபைக்கு இன்னும் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டி, பழைய பாட்டுகளையே வாசிக்கிறானாம். வெளியே கீபோர்டு கட்டைகளை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்கும் என்று அந்த அம்மா சொன்னார்.