'வெறும் காம்பவுண்டு சுவர்தானே' என்று இடிக்காதீர்கள்

போன வாரம் இன்னொரு சர்ச். கடலோர ஊர், பழைய கல்லறைத் தோட்டம். நான் போய்ச் சேர்வதற்குள் ஜேசிபி மேற்குச் சுவரை முடித்துவிட்டிருந்தது. இரண்டு விரல் தடிமன் செங்கல் சுண்ணாம்புக் காரை ஒட்டியபடியே குவிந்து கிடந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் சமாதானமாகச் சொன்னார்: "சர்ச்சைத் தொடவே இல்லை சார், வெறும் காம்பவுண்டு சுவர்தானே?"

உள்ளே மண் மட்டம் தெருவைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. அந்த மண்ணை இத்தனை காலம் தாங்கி நின்றது அந்த 'வெறும்' சுவர்தான். ஒரே மழையில் ஓரத்துக் கல்லறைகள் இரண்டு சரிந்துவிட்டன.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாசலிலேயே எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். அதைப் போய் யாராவது வெறும் கேட் என்பார்களா? 1958 தொல்லியல் சட்டமே, நினைவுச்சின்னம் என்றால் என்ன என்று சொல்லும்போது, வேலி போட்டுக் காக்கத் தேவையான ஒட்டிய நிலத்தையும், போய்வரும் வழியையும் அதற்குள் சேர்த்துக்கொள்கிறது. 2010 திருத்தப்படி சுற்றி 100 மீட்டருக்குக் கட்டட வேலைக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அதுவும் பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளப்பது, கோபுரத்தடியிலிருந்து இல்லை! எத்தனை கூட்டத்தில்தான் சொல்வது? உங்கள் சர்ச் மத்தியத் தொல்லியல் துறைப் பட்டியலில் இல்லையென்றால் இந்தச் சட்டம் உங்களுக்கு வராது, சரி, அதற்காக மாநிலத் தொல்லியல் துறையில்கூட ஒரு வார்த்தை கேட்காமல் ஜேசிபியைக் கூப்பிடலாமா?

அப்புறம் சிமென்ட். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். உப்பு பூத்து, செங்கல் பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிரும். காரை போன இடத்தில் காரையேதான் பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், கொஞ்சம் தேடிப் பிடியுங்கள்.

பழைய கிராதிகள் பலவும் வார்ப்பிரும்பு. கல்லில் குழி எடுத்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி நட்டிருப்பார்கள். அடியில் துரு ஏறினால் இரும்பு ஊதிக் கல்லையே பிளந்துவிடும், அதனால் வருடம் ஒருமுறை அந்த அடியைக் குனிந்து பாருங்கள். துருவைத் தேய்த்தெடுத்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். உடைந்தால் தெருமுனை வெல்டரைக் கூப்பிடாதீர்கள், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் கேட் மாட்டும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சுவர் தானாகவே விழுந்துவிட்டதா? முதலில் போட்டோ எடுங்கள். விழுந்த செங்கலை லாரிக்காரரிடம் கொடுக்காமல் ஓரமாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். அந்த அளவுச் செங்கல் இப்போது சூளையில் கேட்டாலும் சுலபமாகக் கிடைக்காது.