தண்ணி குறையுற வருஷத்துக்கு முறைய எப்ப எழுதறது?

காவிரி சண்டைன்னாலே ரெண்டு ஸ்டேட் அரசியல்னுதான் பேசுறோம், டிவி விவாதமும் அந்த ரூட்லதான் ஓடுது. டெல்டால ஷட்டர், மதகு, வாய்க்கால்னு வேலை பாக்குற இன்ஜினியர் நான், எனக்குத் தெரிஞ்சு இந்த சண்டைல அரசியலுக்கு முன்னாடி வந்து நிக்கிறது மழைதான். சண்டை பெருசான வருஷத்த எல்லாம் எழுதிப் பாருங்க, 2002, 2012, 2016, 2023, எல்லாமே தென்மேற்கு பருவமழை கைவிட்ட வருஷம். 1991 கலவரம் மட்டும் வேற, அது இடைக்காலத் தீர்ப்பால வெடிச்சது. மேட்டூர் அணை முழுசா நிரம்பி 120 அடி தொட்ட வருஷத்துல யாராவது பஸ்ஸ கொளுத்தி நீங்க பாத்திருக்கீங்களா?

2016 செப்டம்பர்ல பெங்களூர்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஒரே டெப்போல முப்பது பஸ்ஸுக்கு மேல எரிஞ்சுது, ஊரடங்கு போட்டாங்க, உயிரும் போச்சு. இந்தப் பக்கம் சென்னைல ஒரு ஹோட்டல தாக்குனாங்க. எரிச்சவன்ல எத்தன பேரு வயல்ல கால் வச்சவன்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா தண்ணி பத்தல அப்படிங்குற பயம்தான் அவனுக்கு தீப்பெட்டி எடுத்துக் குடுத்துச்சு. பருவநிலை மாற்றம் நேரா வந்து யாரையும் அடிக்கிறதில்ல, ஏற்கனவே இருக்குற மனக்கசப்பு மேல ஒரு வறட்சிய கொண்டுவந்து வைக்குது, அவ்வளவுதான், அதுவே போதும்.

இப்ப கணக்குக்கு வரேன். 2007 நடுவர் மன்றத் தீர்ப்புல காவிரில மொத்தம் 740 டிஎம்சின்னு எடுத்துக்கிட்டாங்க (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி). ரெண்டு வருஷத்துக்கு ஒரு வருஷம் இவ்வளவு வரும்னு எதிர்பாக்கலாம், அப்படிப்பட்ட அளவு அது. அத வச்சுதான் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகாவுக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7ன்னு பிரிச்சாங்க. 2018ல சுப்ரீம் கோர்ட், எல்லைல தண்ணிய அளக்குற பிலிகுண்டுலுல நமக்கு வரவேண்டியத 177.25 டிஎம்சியா குறைச்சுது. மாசவாரியும் உண்டு, ஜூன்ல 9.19, ஜூலைல 31.24, ஆகஸ்ட்ல 45.95ன்னு. பேப்பர்ல அழகா இருக்கு. ஆனா குடகுலயும் வயநாட்டுலயும் மழை இந்த அட்டவணைய பாத்தா பெய்யுது? காத்து சூடானா அது ஈரத்த அதிகமா புடிச்சு வச்சுக்கும், ஒரு டிகிரிக்கு சுமாரா 7 சதவீதம், அதனால பெய்யும்போது கொட்டித் தீக்குது, நடுவுல வாரக்கணக்குல வானம் வெளிறிப் போய் கிடக்குது. வருஷ மொத்தம் பெருசா மாறாம கூட இருக்கலாம், ஆனா விவசாயி சராசரிய குடிக்க முடியாது, அவருக்கு இந்த வாரம் நாத்துக்கு தண்ணி வேணும்.

2018 ஆகஸ்ட்ல இத கண்ணால பாத்தோம். மேல அணையெல்லாம் நிரம்பி வழிஞ்சு, முக்கொம்புல 1836ல கட்டுன பழைய கொள்ளிடம் மேலணைல ஒம்பது ஷட்டர் அடிச்சுட்டுப் போச்சு, தண்ணி கடலுக்கு ஓடுது, அதே நேரத்துல கடைமடைல தண்ணி வந்து சேரலன்னு சாலை மறியல். அப்புறம் 2023 அப்படியே தலைகீழ். ஜூன் 12 வழக்கம்போல மேட்டூர தொறந்தாச்சு, நம்பி குறுவை போட்டாங்க, 1901லேர்ந்து எடுத்த கணக்குல நாட்டுக்கே மழை ரொம்பக் குறைஞ்ச ஆகஸ்ட் அந்த வருஷம்தான். ஜனவரி 28 வரைக்கும் ஓடவேண்டிய தண்ணிய அக்டோபர் 10ஆம் தேதியே நிறுத்த வேண்டியதாப் போச்சு.

மேல நடக்குற அதே சண்டை கீழ வாய்க்கால்லயும் நடக்குது, இத வெளிய யாரும் எழுதறதில்ல. அந்த மாதிரி ஒரு வருஷம், பேரு வேணாம், ஒரு கிளை வாய்க்கால்ல ராத்திரி யாரோ ரம்பம் வச்சு பூட்ட அறுத்து ஷட்டர இறக்கிட்டாங்க, சந்து பொந்துல வைக்கோல திணிச்சு மேல மணல் மூட்டை வேற. காலைல லஸ்கர், அதான் வாய்க்கால பாத்துக்கிற எங்க ஆளு, போன் பண்றாரு, நான் போறதுக்குள்ள வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் இருக்குற கீழூர்க்காரங்க ரெண்டு டிராக்டர்ல வந்து எறங்கிட்டாங்க, கைல மண்வெட்டி. மேலூர்ல ஒரு பெரியவர் என் கைய புடிச்சுக்கிட்டு, "எங்க நாத்து காயறத பாத்துக்கிட்டு கீழ விடச் சொல்றீங்களே சார், நீங்களே சொல்லுங்க"ன்னாரு. கீழூர்லேர்ந்து ஒருத்தர், "மாமா, போன முறையும் இதத்தான் சொன்னீங்க"ன்னு கத்துறாரு. பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த ஊருங்க ரெண்டும். அன்னைக்கு போலீஸ் வந்துதான் அடங்குச்சு. அடுத்த வருஷம் நல்லா தண்ணி வந்தப்ப ரெண்டு ஊரையும் கூப்பிட்டு உக்கார வச்சோம், வரத்து பாதியா குறைஞ்சா யாருக்கு எத்தன நாள் முறை, அளவுகோல்ல எந்தக் கோட்டுக்குக் கீழ போனா முறை ஆரம்பிக்கணும், சாவி யார்கிட்ட, எல்லாம் எழுதி கையெழுத்து வாங்குனோம். வயிறு நிறைஞ்சிருக்கும்போது பேசுனா மனுஷன் நியாயமாத்தான் பேசுறான்.

இப்படி முன்கூட்டியே எழுதி வச்ச முறைதான் காவிரி மொத்தத்துக்கும் இல்லாம இருக்கு. பத்தாத வருஷம் எல்லார் பங்கையும் அதே விகிதத்துல குறைச்சுக்கணும்னு தீர்ப்பு சொல்லுது, சரி. எந்த மழைமானிய வச்சு குறையுதுன்னு சொல்றது, மாசத்துக்கு மாசமா சீசனுக்கா, அணை இருப்ப எப்படி சேக்கறது, நிலத்தடி நீர என்ன பண்றது? 2023ல கூட ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஃபார்முலா கைல இல்லாம, வினாடிக்கு 5000 கன அடி, அப்புறம் 3000 கன அடின்னு ரெண்டு வாரத்துக்கு ஒரு உத்தரவு, ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு போராட்டம், செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், 29 கர்நாடகா பந்த். தண்ணி இல்லாதப்ப பங்கு போட உக்காந்தா வேற என்ன நடக்கும்?

பேப்பர்ல எழுதிட்டா மட்டும் போதாதுங்கறதுக்கு ஹெல்மந்த் ஆறு இருக்கு. ஆப்கானிஸ்தானும் ஈரானும் 1973லயே ஒப்பந்தம் போட்டாங்க, சாதாரண வருஷத்துல வினாடிக்கு 26 கன மீட்டர், வறட்சின்னா குறைச்சுக்கலாம்னு அதுலயே இருக்கு. 2023 மே மாசம் ஈரான் எங்க ஆளு நேர்ல வந்து பாக்கணும்னு கேட்டுச்சு, தண்ணியே இல்லன்னாங்க தாலிபான். அந்த மாசமே எல்லைல துப்பாக்கிச் சூடு, ரெண்டு பக்கமும் ஆள் செத்தாங்க. அதனால நம்பர் மாதிரியே அளக்குற எடமும் பொதுவா இருக்கணும், அணை இருப்பும் வரத்தும் ரெண்டு பக்க விவசாயிக்கும் ஒரே நேரத்துல தெரியணும்.

2003ல பேராசிரியர் ஜனகராஜன் முயற்சில ரெண்டு மாநில விவசாயிகளும் சேந்து காவிரி குடும்பம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கர்நாடகாவோட மண்டியா ஆளுங்க தஞ்சாவூர் வயல வந்து பாத்தாங்க, இவங்க அங்க போனாங்க. தீர்வு வரல, ஆனா ஒருத்தன் கஷ்டத்த இன்னொருத்தன் வரப்புல நின்னு பாத்தான். அத அரசாங்கம் கைல எடுத்துக்காம விட்டதுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்தாமையா இருக்கு.

நீங்க டெல்டாக்காரங்களா இருந்தா ஒண்ணு செய்யுங்க. உங்க வாய்க்காலுக்கு நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தா, தண்ணி பாதியா வந்தா என்ன முறைன்னு எழுத்துல இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா வாய்க்கால் நிறைய ஓடுற வருஷமா பாத்து, மேலூர் கீழூர் ரெண்டு பக்கமும் சேத்து கூட்டத்தப் போடுங்க, நீர்வளத்துறை செக்‌ஷன் ஆபீஸ்ல சொன்னா எங்க ஆளு அளவுகோலோட வந்து உக்காருவாங்க.