‘ஃப்ரீ’ இந்தியரும் கட்டற்ற மென்பொருளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில், யாரோ கழித்துக் கொடுத்த நாலைந்து பழைய கணினிகளில் உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு வைத்தோம். வருகிறவர்களுக்குக் குறுவட்டில் நகலும் எடுத்துத் தருவோம் என்று வாசலில் ‘இலவச மென்பொருள்’ என எழுதி ஒட்டியது நான்தான். பேரனை விட வந்த ஆன்ட்டி ஒருவர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னதும், “ஓ, மஹாலா!” என்றார். டர்பனில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம், மற்றவர்களுக்காக: மஹாலா என்றால் ஓசி, காசு வாங்காமல் கொடுப்பது. ஜூலுவிலிருந்து கிளம்பி இங்கே எல்லார் வாயிலும் ஏறிவிட்ட சொல். ஆன்ட்டி சரியாகத்தான் படித்தார், தப்பாக எழுதியது நான்.

ஆங்கிலத்தில் அது ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’. 1983 செப்டம்பரில் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் திருத்திப் பகிரக்கூடிய இயங்குதளம் ஒன்றைச் செய்யும் குனு திட்டத்தை அறிவித்தார், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். அன்று முதல் இன்று வரை அவருக்கு ஓயாத வேலை ஒன்று உண்டென்றால், இந்த ‘ஃப்ரீ’ பேச்சுச் சுதந்திரத்தில் வருகிற ஃப்ரீ, ஓசி பீரில் வருகிற ஃப்ரீ இல்லை என்று விளக்கிக்கொண்டிருப்பதுதான். 1985 வாக்கில் அவரே தன் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். விற்றதும் ஃப்ரீ சாஃப்ட்வேர்தான், ஏனென்றால் வாங்கியவர் அதைத் திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம், கேட்க ஆளில்லை.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்துக்கே உரிய சங்கடம். பிரெஞ்சில் லீப்ர வேறு, கிராத்துயி வேறு. இந்த ஊர் ஆப்பிரிக்கான்ஸில் ‘ஃப்ரெய்’ வேறு, ‘கிராட்டிஸ்’ வேறு. ஜூலுவில் சுதந்திரத்துக்கு இன்குலுலேகோ, ஓசிக்கு மஹாலா, இரண்டும் ஒட்டவே ஒட்டாது. சுற்றி இத்தனை மொழிகள் தெளிவாக இருக்கும்போது நாம் போய் ஆங்கிலத்தின் குழப்பத்தையே தமிழுக்குள் கொண்டுவந்தோம் பாருங்கள். ‘ஃப்ரீ’யின் வேரில் காசும் இல்லை, ஓசியும் இல்லை. பழைய ஜெர்மானிய வழியில் அன்புக்குரியவர், சொந்தக்காரர், அதாவது அடிமை அல்லாதவர் என்று வளர்ந்த சொல் அது. ஆங்கில ‘ஃப்ரெண்ட்’ அதன் உறவு, வடமொழி ‘ப்ரிய’மும் அதே குடும்பம். காசில்லாத பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

டர்பன் இருக்கும் நேட்டாலில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது, எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் சில ஆண்டுக் கூலி ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளியின் சீட்டு வேண்டும். ஒப்பந்தம் முடித்தவர்களை அந்தக் காலத்து ஆவணங்கள் ‘ஃப்ரீ இந்தியன்’ என்று எழுதின. அதை ‘இலவச இந்தியர்’ என்று மொழிபெயர்க்க யாருக்காவது மனம் வருமா? காசில்லாமல் வாழ்ந்தவர்களா என்றால் அதுவும் இல்லை. மறுபடி ஒப்பந்தம் எழுதாமல், ஊருக்கும் திரும்பாமல் இங்கேயே இருந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டு என்றது 1895ஆம் ஆண்டுச் சட்டம். போராடித்தான் 1914இல் அதை எடுக்க வைத்தார்கள். ஆக, காசு கட்டியவரும் ஃப்ரீதான், கட்டு அறுந்தவர் என்ற பொருளில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பரவலாக நிலைத்துவிட்டது ‘கட்டற்ற மென்பொருள்’. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்கிறது, 2012இல் தொடங்கிய கணியம் என்ற தமிழ்க் கணினி இதழும் இந்தச் சொல்லோடுதான் வளர்ந்தது. கட்டு என்றால் முடிச்சு, பிணைப்பு. அற்ற என்பது ‘அறு’ வினையிலிருந்து வருவது. ‘இல்லாத’ என்றால் முதலிலிருந்தே இல்லை என்றும் ஆகலாம், ‘அற்ற’ என்னும்போது அறுந்துபோனது என்ற ஓசை உள்ளே இருக்கிறது. இருந்த கட்டு அறுந்தது. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சும்மா ஒரு சொல் இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. பணத்தையும் நாம் ‘கட்டு’கிறோமே! கட்டற்ற என்றதும் கட்டணமற்ற என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன், விரட்டிய குழப்பம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. இன்னொரு பக்கம், கட்டுப்பாடில்லாத, ஊதாரியான என்ற நெடியும் கொஞ்சம் அடிக்கும். அதனால் சிலர் ‘தளையறு மென்பொருள்’ என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் எங்கள் வகுப்பில் தளை என்றால் யாப்புப் பாடம் ஞாபகம் வந்து பிள்ளைகள் ஓடுவார்கள். ‘சுதந்திர மென்பொருள்’ சட்டென்று புரியும், பேச்சில் நான் அதையும் சொல்வேன். ‘விடுதலை மென்பொருள்’ வேண்டாம், மென்பொருளே ஜெயிலிலிருந்து வெளியே வந்தமாதிரி இருக்கிறது. விடுதலை ஆக வேண்டியது அதைப் பயன்படுத்தும் நாம். ‘திறமூலம்’ வேறு சங்கதி: ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று 1998இல் பிறந்த பெயரின் தமிழ் அது, நிரலைத் திறந்து வைப்பதைச் சொல்லும், பயனர் உரிமையைப் பற்றி வாய் திறக்காது.

அந்த உரிமை நான்கு, பூச்சியத்திலிருந்து எண்ணுவார்கள். எந்த வேலைக்கும் இயக்கலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், நகல் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். “எனக்கு நிரல் எழுதத் தெரியாதே, இதனால் எனக்கு என்ன?” என்று கேட்பவர்களுக்குப் பின்னிரண்டும்தான் பதில். தெரிந்த ஒருவர் செய்தால் போதும், ஊருக்கே கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் அன்றைய 11 ஆட்சிமொழிகளில் மென்பொருள் வரவேண்டும் என்று டிரான்ஸ்லேட்.ஓஆர்ஜி.ஜெட்ஏ என்ற இங்குள்ள குழு பூட்டில் என்றொரு மொழிபெயர்ப்புக் கருவி செய்தது. பின்னால் லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் மெனுக்களைத் தமிழில் மொழிபெயர்க்கவும் அதே கருவிதான் உதவியது. ஜூலுவுக்கும் கோசாவுக்கும் செய்த கருவியில் தமிழும் ஏறிக்கொண்டது, யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உபுண்டு என்ற பெயரும் இந்த மண்ணின் சொல்தானே, மனிதர் மனிதராவது மற்ற மனிதர்களால் என்பது அதன் சாரம். இந்நாட்டின் வெல்கம் ஊரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் தான் தொடங்கிய இயங்குதளத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். இணையம் விலையேறிக் கிடந்த அந்த நாட்களில் வெற்றுக் குறுவட்டு கொண்டுபோய்க் கட்டற்ற மென்பொருளை நிரப்பிக்கொள்ள இங்கே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பெயர் ‘ஃப்ரீடம் டோஸ்டர்’. ஃப்ரீ டோஸ்டர் என்று வைத்திருந்தால் ரொட்டி சுட வரிசை நின்றிருக்கும்!

அடுத்த சனிக்கிழமை வாசல் தாளைக் கிழித்துவிட்டு, பெரிதாகக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று எழுதினேன். கீழே சின்ன எழுத்தில்: ‘குறுவட்டு மட்டும் மஹாலா’. ஆன்ட்டி படித்துவிட்டு, அப்போ மேலே இருப்பதற்கு எவ்வளவு என்று கேட்டார். உட்காருங்கள் ஆன்ட்டி என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.