த்ராஷ்னா குப்பை இல்ல, அதிரடியும் இல்ல

"ஆஸ்திரேலியக் கருங்குப்பை உலோகத்தின் மறக்கப்பட்ட முத்து." இது பழைய இரும்புக்கடை விளம்பரம் இல்லீங்க. ஹாப்ஸ் ஏஞ்சல் ஆஃப் டெத்-னு மெல்போர்ன் பேண்ட் ஒண்ணு, 1988-ல பேண்ட் பேர்லயே அவங்க போட்ட முதல் ஆல்பம், அதைப் பத்தி தமிழ்ல யாரோ எழுதின அறிமுகத்தோட முதல் வரி. ப்ளாக்/த்ராஷ் மெட்டல்ங்கற, வேகமும் சத்தமுமா வர்ற ஒரு ராக் இசை வகையோட பேரை அப்படியே பிச்சுப் பிச்சு மொழிபெயர்த்திருக்காங்க. ப்ளாக் கரு, த்ராஷ் குப்பை, மெட்டல் உலோகம், ஆச்சு, வேலை முடிஞ்சது. ஒரு தடவைன்னா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். இந்தக் "குப்பை உலோகம்" இப்ப சப்டைட்டில்ல வருது, யூட்யூப் வீடியோ தலைப்புல வருது, படிச்சவங்க பேச்சுலயும் வருது, அதான் உக்காந்து எழுதறேன்.

முதல்ல அந்தச் சொல்லைப் பாப்போம். த்ராஷ் வேற, ட்ராஷ் வேற. ட்ராஷ்தான் குப்பை, அது ஸ்காண்டிநேவியப் பக்கம் இருந்து வந்ததா இருக்கலாம்னு சொல்றாங்க, உதிர்ந்த இலை சருகு குச்சி மாதிரி பொருள். த்ராஷ் பழைய ஆங்கிலத்துல கதிர் அடிக்கறதுக்கான சொல்லு, ஜெர்மன்ல இன்னிக்கும் அதே வேர்ல இருந்து வந்த ட்ரெஷன்தான் கதிரடிக்கறது. ஆங்கிலத்துல அது ரெண்டாப் பிரிஞ்சு, த்ரெஷ்னா களத்து வேலை, த்ராஷ்னா ஆளைப் போட்டு அடிக்கறதுன்னு ஆயிடுச்சு. அவ்ளோதான் வேர். இதுல வேடிக்கை என்னன்னா, த வேற ட வேறன்னு எழுத்துலயே பிரிச்சு வச்சிருக்கற மொழி நம்மளது. ஜெர்மன்காரனுக்கும் ஃபிரெஞ்சுக்காரனுக்கும் த்ராஷ்ல இருக்கற அந்த ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. நமக்கு 'த்' போட்டா கிட்டத்தட்ட வந்துடும். போட மாட்டேங்கறோம். ட்ராஷ்னு டைப் பண்ணிட்டு அப்புறம் அகராதியில தேடினா குப்பைதான் வரும், வேற என்ன வரும்?

இசைக்கு இந்தப் பேர் வந்தது 1984 வாக்குல. ஆந்த்ராக்ஸ் பேண்டோட "மெட்டல் த்ராஷிங் மேட்" பாட்டைப் பத்தி கெராங் பத்திரிகையில மால்கம் டோம் எழுதும்போது த்ராஷ் மெட்டல்னு போட்டாரு, அதுல இருந்து ஒட்டிக்கிச்சுன்னு பொதுவா சொல்வாங்க. ப்ளாக் மெட்டல் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு, இங்கிலாந்து நியூகாசில்ல இருந்து வந்த வெனம் பேண்டோட 1982 ஆல்பத்தோட பேரே அதுதான்.

சரி, குப்பையைக் கூட்டித் தள்ளிட்டோம். அதுல யாருக்கும் பெரிசா சண்டை இல்ல, சுட்டிக்காட்டினா "ஆமால்ல"ன்னு ஒத்துப்பாங்க. நிஜமான சண்டை வெவரம் தெரிஞ்சவங்ககூடதான். அவங்க கொண்டுவர்ற சொல்லு "அதிரடி". அதிரடி உலோகம், அதிரடி மெட்டல், அதிரடி இசை. கேட்டவுடனே நல்லாத்தான் இருக்கு, அதிர்வும் இருக்கு அடியும் இருக்கு, வேற என்ன வேணும்னு கேப்பாங்க. எனக்கு இது ஆகவே ஆகாது, ஏன்னு சொல்றேன்.

அதிரடின்னு ஒரு சொல்லு இன்னிக்கு தமிழ்ல என்ன வேலை பாக்குதுன்னு பாருங்க. ஆடித் தள்ளுபடி அதிரடி. போலீஸ் அதிரடி சோதனை. அமைச்சர் அதிரடி உத்தரவு. நடிகை அதிரடி முடிவு, என்னன்னு உள்ள போய்ப் பார்த்தா முடி வெட்டியிருப்பாங்க. தங்கம் விலை அதிரடியா சரிவு, எவ்ளோ, கிராமுக்குப் பத்து ரூபா. இந்தச் சொல்லு செத்து வருஷக்கணக்காச்சு, தலைப்பு எழுதறவங்கதான் இன்னும் பொணத்துக்குச் சட்டை மாத்திக்கிட்டே இருக்காங்க. அதைத் தூக்கிட்டு வந்து ஒரு இசை வகைக்குப் பேரா வச்சா, கேக்கறவனுக்கு ஒண்ணுமே தோணாது. "அதிரடி ஆல்பம்"னா நல்லா ஓடின ஆல்பம்னுதான் நினைப்பான். முதல்ல சொன்ன அந்த மெல்போர்ன் ஆல்பம் ஓடவே இல்ல, அதான் பிரச்சினையே!

ரெண்டாவது, பொருளே பொருந்தல. அதிரடின்னா திடீர்னு ஒரே போடு, எதிர்பாராம விழற ஒரு அடி. த்ராஷ் ஒரு அடி இல்ல, விடாம அடிக்கறது. கிட்டார்காரர் வலது கையோட ஓரத்தைக் கம்பி மேல வச்சு அமுக்கிக்கிட்டு, பிக்குங்கற சின்னத் தகடால ஒரே கம்பியை கீழ கீழ கீழன்னு அடிச்சுக்கிட்டே இருக்காரு, இடது கை நாலு இடத்துக்கு நகருது, வலது கை நிக்கறதே இல்ல. ட்ரம்ஸ்ல கிக்கும் ஸ்நேரும் மாறி மாறி, தும்-தக் தும்-தக் தும்-தக்னு, மூச்சு விட இடம் இல்லாம போகும். இதுல திடீர்ங்கறதுக்கே வேலை இல்ல. அடுத்த அடி எப்ப விழும்னு உங்களுக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் விழுந்துக்கிட்டே இருக்கு, அதுலதான் சுகம்.

விளாசல்னும் ஒருத்தர் சொன்னாரு. சொல்லா பார்த்தா அது அதிரடியை விட நல்ல சொல்லு, சாட்டையால விளாசறதுன்னு நிஜமாவே திரும்பத் திரும்ப அடிக்கற பொருள் இருக்கு. ஆனா கிரிக்கெட்காரங்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் அதைக் குத்தகைக்கு எடுத்துட்டாங்க, இனி திருப்பி வாங்க முடியாது.

அப்ப எது? வேருக்கே போங்களேன். கதிரடி. நெல்லு அறுத்துக் களத்துக்குக் கொண்டு வந்ததும் கட்டுல இருந்து ஒரு பிடி எடுத்து, கயித்தைச் சுத்திப் பிடிச்சு, தலைக்கு மேல தூக்கி, கல்லு மேல ஓங்கி அடிப்பாங்க, மணி செதறும், மறுபடி தூக்கி மறுபடி. நாலு பேர் வரிசையா நின்னு அடிச்சா அதுக்குன்னு ஒரு தாளமே வந்துடும். விடாம, ஒரே கதியில, உடம்பு முழுக்க ஈடுபட்டு அடிக்கறது. த்ராஷ்ங்கற சொல்லு பொறந்ததே இந்த வேலையிலதான், அப்புறம் ஏன் வேற எங்கயோ தேடறோம்? "கதிரடி மெட்டல்"னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, சொல்லுக்குள்ளயே ஒரு அடி விழும்.

போரடின்னும் வைக்கலாமேன்னு கேப்பீங்க. யானை கட்டிப் போரடிச்ச கதையெல்லாம் நம்மகிட்ட இருக்குதான். ஆனா போரடி வேற வேலை, கையால அடிச்சு முடிச்ச தாளைப் பரப்பி மாடு விட்டு மிதிக்க வைக்கறது அது. அதை விடுங்க, "போரடி மெட்டல்"னு ஒரு போஸ்டர் ஒட்டினா எவன் வருவான்? போர் அடிக்குதுன்னு ஊரே போயிடும். கையால முதல்ல அடிக்கற அடிக்கு தலையடின்னு ஒரு பேர் இருக்கு, த்ராஷ் கேக்கறவன் தலையை ஆட்டற ஆட்டுக்கு இது ரொம்பவே ஆசை காட்டுற சொல்லு, ஆனா ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது, வேணாம். இப்ப எல்லாம் மெஷினே அறுத்து மெஷினே அடிச்சு மூட்டையாவும் குடுத்துடுது, கதிரடி எத்தனை பேருக்குத் தெரியும்னு ஒரு கேள்வி வரும். லண்டன்ல பொறந்த பையன் மட்டும் கோதுமைக் களத்தையா பார்த்துட்டு த்ராஷ் கேக்கறான்?

உலோகத்துக்கும் ஒரு வார்த்தை. கன உலோகம்ங்கறது தமிழ்ல ஏற்கெனவே வேலையில இருக்கற சொல்லு. ஈயம், பாதரசம், காட்மியம், ஆத்துல சாயக்கழிவு கலந்தா வர்ற செய்தியில இருக்கும் அது. "நான் கன உலோக ரசிகன்"னா தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலையான்னு கேப்பாங்க. மெட்டலை மெட்டல்னே விடுங்க, அது பேரு, பண்டம் இல்ல. ப்ளாக்குக்கும் அதேதான். அந்த ப்ளாக் நிறம் இல்ல, ப்ளாக் மேஜிக்ல வர்ற ப்ளாக், சாத்தான் பக்கத்து ஆளுங்கறதைச் சொல்றது. நமக்குக் கருப்புன்னா கெட்டது இல்லியே, ஊர் எல்லையில காவலுக்கு நிக்கற கருப்பசாமி இருக்காரு. "கருப்பு உலோகம்"னு போட்டா அவர் அரிவாளைப் பத்தின பாட்டுன்னு எடுத்துக்கிட்டாலும் தப்பில்ல. தனித்தமிழ் ஆளுங்க மேல எனக்கு மரியாதை உண்டு, மிதிவண்டி அவங்க வழி வந்த பிள்ளைதான், ஆனா அந்த மாதிரி சொல் செஞ்சவங்க முதல்ல அந்தப் பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தாங்க. இப்ப இருக்கற மொழிபெயர்ப்பாளர் பாட்டைக் கேக்கறதே இல்ல. கேட்டிருந்தா குப்பைன்னு எழுத கை வராது.

அந்த ஹாப்ஸ் ஏஞ்சல் ஆஃப் டெத் ஆல்பத்தை எடுத்துக்கங்களேன், கேக்க வேண்டியது அதைத்தான். பீட்டர் ஹாப்ஸ்ங்கற மெல்போர்ன் கிட்டார்காரர், பாட்டும் அவரே, பேண்ட் பேர்லயே தன் பேரை வச்சிக்கிட்டவரு. 1987-ல ரெண்டு டெமோ, அதாவது ஆல்பத்துக்கு முன்னாடி போடற மாதிரிப் பதிவு. அதுல ஒண்ணோட பேர் "விர்ஜின் மெட்டல் இன்வேஷன் ஃப்ரம் டவுன் அண்டர்", தன் இசைக்கு அவரே வச்சுக்கிட்ட பேர் விர்ஜின் மெட்டல். (நம்ம ஆளுங்க கையில கிடைச்சா கன்னி உலோகம்தான், செக்குல ஆட்டின தேங்காயெண்ணெய் பக்கத்துல அடுக்கி வச்சிடுவாங்க.) அந்த டெமோ ஜெர்மனி வரைக்கும் போய், ஸ்டீம்ஹாமர்ங்கற ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் போட்டு, பெர்லினுக்குக் கூட்டிட்டுப் போய் ஹாரிஸ் ஜான்ஸ்ங்கற தயாரிப்பாளர் கையில ஒப்படைச்சது. க்ரியேட்டர் பேண்டோட "ப்ளெஷர் டு கில்" ஆல்பம், அப்புறம் சோடம், வாய்வாட் பேண்டுகள்னு அந்தக் காலத்து த்ராஷ் ஒலியைச் செதுக்கினதுல அவருக்குப் பெரிய பங்கு. அதனால ஆஸ்திரேலிய ஆல்பம்னாலும் ஒலியில ஒரு ஜெர்மன் காய்ச்சல் இருக்கு, வறண்ட கிட்டார், எதிரொலி பூசி ஏமாத்தற வேலை கிடையாது.

முதல் பாட்டு "ஜாக் த ரிப்பர்". அது யாருன்னே கண்டுபிடிக்க முடியாத தொடர் கொலைகாரனுக்கு வச்ச பேர், லண்டன்ல அந்தக் கொலைகள் நடந்தது 1888, ஆல்பம் வந்தது சரியா நூறு வருஷம் கழிச்சு. அப்புறம் "புபானிக் ப்ளேக்", "மரீ ஆன்ட்வானெட்". சாத்தான் பேர் சொல்ற பாட்டு இருக்கு, "சேட்டன்ஸ் க்ரூசேட்", "லூசிஃபர்ஸ் டொமைன்" எல்லாம், ஆனா ஆல்பத்துல ஒரு பங்கு ஹிஸ்டரி க்ளாஸ், அதுவும் வாத்தியாருக்குக் கோவம் வந்த நாள்ல நடத்தற க்ளாஸ். ஹாப்ஸோட குரல் கரகரன்னு இருக்கும், ஆனா ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழும், பிற்கால ப்ளாக் மெட்டல் மாதிரி பல்லைக் கடிச்சுக்கிட்டு என்ன சொல்றாருன்னே தெரியாம போகாது. ப்ளாக் பாதி பேச்சுல இருக்கு, த்ராஷ் பாதி கையில இருக்கு, என் கணக்கு அதான்.

ஸ்லேயர்ங்கற அமெரிக்க த்ராஷ் பேண்டோட காப்பின்னு இதை ஒதுக்கினவங்க நிறைய. ஸ்லேயரோட 1986 ஆல்பத்துல முதல் பாட்டே "ஏஞ்சல் ஆஃப் டெத்", இவங்க பேண்ட் பேரே அதுன்னா சொல்லத்தான் செய்வாங்க. வேகமும், ரிஃப்ங்கற திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கைப் போடற விதமும் அந்தப் பக்கம்தான், இல்லேன்னு சாதிக்க மாட்டேன். ஆனா 1988-ல ஸ்லேயரே "சவுத் ஆஃப் ஹெவன்"ல வேகத்தைக் குறைச்சுட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போன களத்துல இந்த நாலு பேர் நின்னு அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதே வருஷம் மெட்டாலிக்கா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ்னு எல்லாப் பெரிய தலையும் ஆல்பம் போட்டுது, மெல்போர்ன்ல இருந்து வந்த பேண்டை யார் தேடப் போறாங்க. ஆஸ்திரேலியாவுலயே மார்ட்டல் சின், ஸ்லாட்டர் லார்ட்னு சிட்னி பேண்டுகளோட பேர் தெரிஞ்ச அளவு இது தெரியாதவங்க உண்டு. ஆனா இதுல பேஸ் வாசிச்ச ஃபில் கிரெசிக்தான் அப்புறம் டெஸ்ட்ராயர் 666 பேண்ட்ல வாசிச்சவரு, ஆஸ்திரேலிய ப்ளாக்/த்ராஷ்னா இன்னிக்கு எல்லாரும் முதல்ல சொல்ற பேர் அது. ஹாப்ஸ் 1995-ல ரெண்டாவது ஆல்பம், 2016-ல மூணாவது போட்டாரு, 2019-ல இறந்துட்டாரு. ரெண்டாவது எனக்கு அவ்வளவா ஒட்டல, முதல்ல இருந்த அந்த வெறி அதுல கொஞ்சம் ஆறிடுச்சு.

ஆக எழுதறப்ப த்ராஷ் மெட்டல்னே எழுதுங்க, 'த' போட்டு. தமிழ்ல ஒரு சொல்லு வேணும், விளக்கணும்னா கதிரடி மெட்டல். டெத் மெட்டலை மரண மெட்டல்னு சொல்றவங்களோட மட்டும் எனக்குச் சண்டை இல்ல. மரண அடி, மரண கலாய், மரண பசின்னு நாமளே தினம் பேசறோம், அந்த மரணம் இந்த மெட்டலுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரிதான் இருக்கு.